ஒரு படித் தவிடும் ஒரு விடுப்புக் கடிதமும்

“நாய்க்குட்டி வாங்கணும்னாக்கூடத் தாய் எது, தகப்பன் எதுன்னு பார்த்துத்தான் வாங்குதோம். நீ எவளோ பெத்ததைக் கொண்டாந்து மடியில போடுதேங்கியே ஏட்டி, இது வெளங்குமா?”

ஆவணி பிறந்த வாரத்தில் என் மாமியார் இப்படிக் கேட்டார். இராஜபாளையத்தில் இது ஒன்றும் அதிசயமான பேச்சு இல்லை. இந்த ஊரில் ஒரு வேட்டை நாய்க்கு மூன்று தலைமுறையை மூச்சு விடாமல் சொல்லுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பிறந்த வீட்டில் என் பாட்டனாருக்கு அப்பா யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் நான் வாயடைத்துப் போகவில்லை. வாயடைத்துப் போவதற்கா ஏழாம் வகுப்பு வரை படித்தேன்?

படித்த கதையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. என் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவர். ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சொன்னார்கள். பெஞ்சில் போதுமான பிள்ளைகள் இல்லை. கிணற்றடியில் விளையாடிக்கொண்டிருந்த என்னை முகம் கழுவி, யாருடைய பாவாடையையோ கட்டிவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் போன பிறகு என்னை எழுப்பி அனுப்ப மறந்துவிட்டார்கள். மறுநாள் நானே போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் வம்சத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அப்படி இரவலாகப் போனவள்தான். இன்று இராஜபாளையத்தில் பெண்பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும்.

கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. மாமியார் காய்ச்சிக் கொடுத்த கஷாயம் எல்லாம் குடித்தேன், சுற்றச் சொன்ன மரத்தை எல்லாம் சுற்றினேன். என் வீட்டுக்காரர் ஒரு நாளும் என்னைக் குத்திக் காட்டியதில்லை. அவர் பருத்திப் பொதி அடுக்குகிற கிட்டங்கியில் தராசு பிடிக்கிறவர். பொதியைக் கையால் ஒரு தரம் அசைத்துப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். மனதில் இருப்பதை மட்டும் அவ்வளவு லேசில் சொல்லமாட்டார். ஒரே ஒரு தரம் சொன்னார். அவருக்கு ஒரு வயதாகும்போதே அவருடைய அப்பா இறந்துவிட்டார். அந்த முகம் அவருக்கு நினைவில்லை, படமும் கிடையாது. “ஒம் மூஞ்சி அப்படியே அவிய மூஞ்சி” என்று மாமியார் தினமும் சொல்லுவார். தன் மூஞ்சியில் தனக்கு அது தெரியவில்லையாம். “எனக்கு ஒரு பிள்ளை பொறந்தா அதுல எங்கப்பாவைப் பார்த்துக்கிடலாம்னு நெனைப்பேன்” என்றார். அன்றைக்கு மட்டும் எனக்குப் படிப்பு உதவவில்லை.

இந்த வருஷம் ஆடிப்பூரத் தேருக்குப் பிறந்த வீட்டுக்குப் போனேன். அங்கேதான் அவளைப் பார்த்தேன். என் அம்மாவுக்குத் தம்பி முறையில் ஒரு மாமா மகாராஜபுரத்தில் இருக்கிறார். வத்திராயிருப்புப் பக்கத்துத் தேங்காயை வண்டியில் ஏற்றி வந்து இராஜபாளையம் சந்தையில் இறக்குகிறவர். அவருடைய மனைவி பிரசவம் ஆன ஒரு வாரத்தில் இறந்துவிட்டாள். பிள்ளைக்கு அப்போது நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளையோடு வந்திருந்த மாமா தேர் பார்க்கப் போன சமயத்தில் அந்தப் பெண்பிள்ளையை என் மடியில் போட்டு, ஆட்டுப்பாலையும் சங்கையும் கையில் கொடுத்தார்கள். சங்கை உதட்டில் வைத்ததும் அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடவில்லை. பால் தீர்ந்த பிறகும் விடவில்லை. தெருவில் தேர் திரும்புகிற சத்தம் கேட்டது, எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் எழுந்திருக்கவே இல்லை.

புரட்டாசி கழிந்ததும் மாமா பெரிய பிள்ளைகள் மூவரோடு கண்டித் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் புறப்படப்போகிறார் என்று அம்மா சொன்னாள். கைக்குழந்தையைக் கப்பலில் கொண்டுபோக முடியாது. நல்ல இடமாக யார் கேட்டாலும் கொடுத்துவிடுவதாக இருந்தார். அப்போதே கேட்டிருப்பேன். ஆனால் வருகிற பிள்ளை எனக்கு மட்டும் பிள்ளை இல்லையே, அவருக்கும்தானே.

ஊர் திரும்பியதும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “செத்த நாள் பொறு” என்றார். அதற்குள் மாமியார் காதுக்கு விஷயம் போய்விட்டது. நாய்க்குட்டிப் பேச்சு அப்போது வந்ததுதான். நாச்சியாரே துளசிச் செடியடியில் கிடைத்து, எடுத்தவர் வளர்த்த பிள்ளைதானே என்று நான் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி வேறு என்ன சொல்லுவாள்? “அது சாமி, சாமிக்குச் செல்லும்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தன் தம்பி மகள் ஒருத்தி வயதுக்கு வந்து இருக்கிறாள் என்பதையும் கூடவே சொன்னார். இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டுவது இந்தத் தெருவில் புதிதில்லை. என் வீட்டுக்காரர் அதற்கும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போனார். அந்த மௌனத்துக்குத்தான் பயந்தேன், மாமியாருக்கு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்கு முன்பு நடந்தது இது. மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து குத்தின அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கிட்டங்கியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார், காதோரமெல்லாம் பஞ்சு. பேச்சு மறுபடி பிள்ளையிடம் போய் நின்றது. தன் இரத்தம்தான் தன்னிடம் ஒட்டும் என்றார் மாமியார். நான் என்னை மறந்துவிட்டேன்.

“அப்படி இல்ல அத்தை. அவியளை நீங்க பெத்தீங்க, அதனால மட்டுமா ஒங்க மேல பாசமா இருக்காவ?”

புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது. மாமியார் பதறிப்போய்ப் பக்கத்தில் திரும்பி மூன்று தரம் துப்பினார்.

“வாயைக் கழுவுட்டி. நான் எங்க பெத்தேன்? அது தவிட்டுக்கு வாங்கின பிள்ளை.”

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இந்த வீட்டில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு முன் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் நாற்பது நாள் தாங்கவில்லை. மூன்றாவதாக இவர் பிறந்ததும், எங்கள் பக்கத்தில் செய்கிறபடி, குழந்தையை முறத்தில் கிடத்திக் கிழக்கு வீட்டுத் தெலுங்குக்காரம்மாவின் வாசலில் வைத்துவிட்டார்கள். அந்த அம்மா “இது என் பிள்ளை” என்று எடுத்துக்கொண்டார். பிறகு மாமியார் போய் ஒரு படி தவிடு கொடுத்து அவரிடமிருந்து பிள்ளையை விலைக்கு வாங்கி வந்தார். எமன் வந்து கேட்டால் இது என் பிள்ளை இல்லை, வாங்கின பிள்ளை என்று சொல்ல வேண்டும். பெற்றேன் என்று ஒரு தரம் வாய் தவறிச் சொல்லிவிட்டால்கூடப் பிள்ளைக்கு ஆகாது. இருபத்தெட்டு வருஷமாக மாமியார் வாய் தவறியதில்லை. இன்றைக்கும் பொங்கலுக்குத் தெலுங்குக்காரம்மா வீட்டிலிருந்து இவருக்கு வேட்டி வருகிறது, தாய் வீட்டு வேட்டி.

என் வீட்டுக்காரர் செம்பைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் ஒனக்குப் பொறக்கலையாம்மா?”

“இல்லன்னுதான சொல்லுதேன்.”

“அப்ப எங்கப்பா மூஞ்சி எனக்குன்னு தெனமும் சொல்லுதியே. அது எப்படி வந்துச்சு?”

மாமியார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தை ஒரு தரம் பார்த்தார். தன் வயிற்றில் பிறந்தவன் என்று சொன்னால் முடிந்தது வழக்கு. ஆனால் சொல்ல முடியாது. மகன் உயிரோடு எதிரே நிற்கிறான்.

“வளத்தா வரும்” என்றார் கடைசியில். “இந்த வீட்டுச் சோத்தைத் தின்னு, இங்க உள்ளவுக நடக்கதையும் பேசுததையும் பார்த்து வளந்தா வராம எங்க போகும்? மூக்குகூட வரும்.”

என் வீட்டுக்காரர் சிரித்தார். மெல்லச் சிரிக்கிறவர், அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். தான் சொன்னது எங்கே போய் விழுந்திருக்கிறது என்பது மாமியாருக்கு அப்புறம்தான் உறைத்தது. அதற்கு மேல் அவர் புடைத்த புடையில் முற்றமெல்லாம் தவிடு.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் வேட்டியைக் கட்டிக்கொண்டே, மகாராஜபுரத்துக்கு மாமாவின் வண்டி என்றைக்குத் திரும்பும் என்று கேட்டார். சந்தை முடிந்து வியாழக்கிழமை என்றேன். கிட்டங்கியில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனார். நான் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன், பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

காலித் தேங்காய் வண்டியில், சாக்கு விரித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போனோம். மாடுகள் வீடு திரும்புகிற மகிழ்ச்சியில் நடந்தன, எனக்கு அதுவும் போதவில்லை. மலை பக்கத்தில் வர வர வயலும் மாந்தோப்புமாக இருந்தது. நான் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை. மாமா வழி முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் மாட்டோடு பேசினார். கேட்க வெட்கமாக இருந்திருக்கும்.

பிள்ளை மாமாவின் அத்தை பொறுப்பில் இருந்தாள், பெரியவர், கண் சரியாகத் தெரியாது. தொட்டிலிலிருந்து எடுத்து நான் வாங்கப் போகும்போது என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். இரண்டு கையாலும் அவளைத் தூக்கி, பழக்க தோஷத்தில், மேலும் கீழுமாக ஒரு தரம் அசைத்தார். பஞ்சுப் பொதியை அசைக்கிற அதே அசைவு. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

“பத்து ராத்தல்கூட இல்ல” என்றார் மாமாவிடம். ஆவணி மாதத்தில் ஐந்து மாதம் நிறையப் போகிற பிள்ளைக்கு இது காணாது என்றார். என்ன பால், எத்தனை வேளை, தண்ணீர் கலக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். மாமா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிள்ளை இதற்கிடையில் அவர் வேட்டியை நனைத்துவிட்டாள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அன்று பார்க்கத்தான் போனோம், பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வேறொரு வண்டியில் திரும்பினோம். வழியில் அவர் என்னிடம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், அது எனக்கு வேண்டும்.

“எனக்குன்னு ஒண்ணு பொறக்கணும்ங்கிற ஆசை போகலை. போயிருச்சுன்னு ஒங்கிட்ட பொய் சொல்லமாட்டேன். அது பாட்டுக்கு இருக்கும். இது வரட்டும்.”

“பொறவு ஒண்ணு பொறந்தா?” என்றேன்.

“ரெண்டையும் நிறுத்துப் பார்த்துக்கிட்டா இருக்கப் போறேன்?”

அவருடைய ஆசையை எடுத்து எறியச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்கும்தான் அந்த ஆசை இருக்கிறது. அது இருக்கிற வீட்டுக்குள்ளேயே இவளுக்கும் இடம் இருக்கிறது என்று அந்த வண்டியில் தெரிந்துகொண்டேன். தம்பி மகள் பேச்சை இனி எடுக்கக்கூடாது என்று அம்மாவிடம் அவரே சொல்லுவதாகவும் சொன்னார், வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லியும்விட்டார்.

மாமியார் கேட்டுக்கொண்டார், முகம் கொடுக்கவில்லை. பிள்ளையைத் தான் தூக்கப்போவதில்லை என்று முதலிலேயே அறிவித்தார். செத்த நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் வந்தது: சும்மா வாங்கிக்கொண்டு வரக்கூடாது, ஒரு படி தவிடு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், பச்சரிசித் தவிடு ஆகாது, படியைத் தலைதட்டி அளக்க வேண்டும், கொடுக்கும்போது பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது. இந்த வீட்டில் பிள்ளை வாங்கிப் பழக்கப்பட்டவர் அவர் ஒருவர்தானே. சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன். எழுதுகிறேன் என்று தெரிந்ததும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

வருகிற வெள்ளிக்கிழமை போகிறோம். நேற்று பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சருக்கு விடுப்புக் கடிதம் எழுதினேன். நல்ல மையில், கோடு தப்பாமல், “என் மகளை அழைத்துவர வேண்டியிருப்பதால் வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு அளிக்கும்படி” என்று எழுதி ஆயாவிடம் கொடுத்தனுப்பினேன். ‘மகளை’ என்ற சொல்லை எழுதும்போதும் எழுத்து கோணவில்லை. அரைமணி நேரத்தில் கடிதம் திரும்பி வந்தது. ஏழு வருஷமாக என்னை அறிந்தவராயிற்றே, ஓரத்தில் சிவப்பு மையால் “எந்த மகள்?” என்று கேட்டிருந்தார்.

அதற்குக் கீழேயே “மூத்த மகள்” என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆயாவை நிற்க வைத்தே திருப்பி அனுப்பிவிட்டேன்.