லோ மாமாவின் ஆங்கிலம்

"தலைக்கு மேல நங்கூரம் தொங்குது. கேப்டன் கீழ நிக்கிறாரு. என்ன சொல்வீங்க, லோ மாமா?" என்று கேட்டாள் சிங்யீ.

லோ தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினார். "மன்னிக்கணும் ஐயா. உங்களுக்குச் சிரமமில்லேன்னா, தயவுசெஞ்சு கொஞ்சம் இந்தப் பக்கம் வர முடியுங்களா?"

"அதுக்குள்ள நங்கூரம் வந்துடும் மாமா."

"சீனத்துலன்னா ஒரே வார்த்தைம்மா. அவன் பாட்டனையும் சேர்த்து இழுத்திருப்பேன்."

"இங்கிலீஷ்லயும் ஆம்பளைங்க 'தள்ளு'ன்னுதான் சொல்லுவாங்க."

"அறையிற மாதிரி இருக்கே," என்றார் லோ.

பக்கத்து மேசையிலிருந்து வெல்டர் டாங் திரும்பினான். "சீனத்துல ரவுடி, இங்கிலீஷ்ல பொம்பளை. உன்னைக் கட்டிக்கிறவளுக்கு ரெண்டு பேரு கிடைச்ச மாதிரி, லோ."

தேநீர்க் கடையே சிரித்தது. லோவும் சிரித்தார். வெளியே ஹாங்காங் துறைமுகம் வசந்தகாலத்து மூடுபனியில் கரைந்து கிடந்தது. கப்பல்கள் தெரியவில்லை, அவற்றின் ஊதல் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது.

சிங்யீ அந்தக் கப்பல் பட்டறையின் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலம் படித்தவள். வெளிநாட்டுக் கேப்டன்களுக்குப் பட்டறையைச் சுற்றிக் காட்டும் வேலையை லோவிடம் கொடுத்திருந்தார் மேனேஜர் ஹாலிட். கேப்டன்கள் அவர் பேச்சைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் அதே குரலில் பேசியும் காட்டினான். ஹாலிட் சிங்யீயை அழைத்து, "அவரை ஆண்பிள்ளையாகப் பேச வை. இல்லையென்றால் அவர் பழையபடி கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டப் போகட்டும்," என்றார். லோவின் முழங்கால் அந்த வேலையை இன்னொரு முறை தாங்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க மாமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அவர் மனைவி பிக்ஹா ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். வீட்டில், "செத்த பேயே, சோறு ஆறுது பாரு," என்பாள். அவர்கள் தெருவில் எல்லா மனைவிகளும் அப்படித்தான் பேசினார்கள், அன்பையும் அப்படித்தான் காட்டினார்கள். ஹோட்டல் தொலைபேசியில் ஆங்கிலம் பேசும்போது மட்டும் அவள் வேறு பெண். மத்தியான வேளைகளில் லோ பட்டறையிலிருந்து ஹோட்டலைக் கூப்பிடுவார், விருந்தாளியைப் போல.

"பயணம் சுகமா இருந்துச்சுங்களா, ஐயா?"

"ரொம்ப சுகமா இருந்துச்சு, அம்மா."

யாரென்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் வீடு திரும்பினால் மறுபடி செத்த பேய்தான். இருவரும் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. வீட்டுக்குள் நுழையாத அந்தக் குரலிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து அவர் ஆங்கிலம் பழகினார். அவள் இறந்துபோன பிறகும் அது அவர் வாயிலேயே தங்கிவிட்டது.

பாடம் நடந்தது. 'நில்லு', 'வா', 'தள்ளு' எல்லாம் மெல்ல மெல்ல அவருக்கு வந்தன. ஹாலிட் மாடியிலிருந்து பார்த்துத் தலையசைத்தார்.

பனி விலகிய ஒரு காலை, லோ படகுத்துறை ஓரமாக நின்றிருந்தார்.

"முகம் கழுவறப்போ பிக்ஹா சொல்ற மாதிரி ஒண்ணு சொல்லிப் பார்த்தேம்மா," என்றார். "நீ கத்துக்கொடுத்த ஆம்பளைக் குரல்தான் வந்துச்சு. அவளைக் காணோம்."

சிங்யீ தண்ணீரைப் பார்த்தாள்.

"நான் சுரண்டவே போறேன். பாடம் போதும்."

"முழங்கால், மாமா?"

"அது என்னோடது, நான் பாத்துக்கிறேன்."

மேனேஜரிடம் மறுத்துப் பேச சிங்யீக்கு எந்த மொழியிலும் இதுவரை வாய் வந்ததில்லை. அது லோவுக்கும் தெரியும். ஆனாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"அவ குரல்தான் போச்சு, பழக்கம் போகல. மேனேஜர்கிட்ட நான் போனா அவருக்கு நன்றி சொல்லி, நலம் விசாரிச்சிட்டு வந்துடுவேன். ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுக்குவாரு. எனக்காக நீ போய்ச் சொல்லும்மா. முடியாதுன்னு. முன்னாடி பின்னாடி ஒண்ணும் சேர்க்காம."