ஏழில் நின்ற எண்

எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் மேடத்தின் மேசைக் கண்ணாடிக்கு அடியில், மற்றவர்கள் ஏழுமலையானை வைக்கிற இடத்தில், ஒரு எண் இருந்தது: 3816547290. சித்தூர் வருவாய் அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அதைத் தொலைபேசி எண் என்று குறித்துக்கொண்டு போனார்கள். போட்டித் தேர்வில் வென்று வந்தவர்கள் அல்லவா.

பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒவ்வொரு இலக்கமும் அதில் ஒரே ஒரு முறை வரும். இடப்பக்கத்திலிருந்து இரண்டு இலக்கங்களை எடுத்தால் 38, இரண்டால் வகுபடும். மூன்றை எடுத்தால் 381, மூன்றால் வகுபடும். 3816 நான்கால். இப்படியே நீண்டு, முழு எண்ணும் பத்தால் வகுபட்டு முடியும். பத்து இலக்கங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் இந்தக் குணம் வேறொரு எண்ணுக்கு வாய்க்காது. ஆறு வரை தாக்குப்பிடிக்கிறவை சில உண்டு. அநேகமாக எல்லாம் ஏழில் விழுந்துவிடும்.

மேடம் மனுக்களையும் அப்படித்தான் பார்ப்பார். "ஆறு வரைக்கும் எவன் வேணா வருவான்யா. ஏழுல நிக்கிறானா பாரு" என்பார். நகரியில் தறி வைத்திருந்த சொந்தத் தம்பியின் இருப்பிடச் சான்று மனுவையே, மூலப் பத்திரம் இல்லையென்று திருப்பி அனுப்பியவர். விதிகளை மனப்பாடமாகச் சொல்லும் எனக்கே அன்று சற்று அதிகமாகத் தோன்றியது.

ஓய்வுபெற்றிருந்த எனக்குப் போன வருடம் லேசான பக்கவாதம். மகள் திருப்பதிக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டாள். கை, கால் திரும்பியதும் சித்தூர் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். "தனியா இருந்துக்கினு இன்னா பண்ணுவ நைனா? வூட்டப் பூட்டிட்டு இங்கயே இரு" என்றாள். அந்த வாரம் மேடம் என்னைப் பார்க்க வந்திருந்தார். என் மூளையில் பழுதில்லை என்று காட்ட நானே வழி சொன்னேன்: "அந்த எண்ணைக் கேளுங்கள். பத்து வரை வகுத்துக் காட்டுகிறேன்."

"தப்பா சொன்னா இங்கதான் இருக்கணும். அத்தை, நீங்கதான் சாட்சி" என்றாள் மகள்.

ஆறு வரை ஓடினேன். பிறகு 3816547. முப்பத்தெட்டில் ஏழு ஐந்து முறை, மீதி மூன்று. முப்பத்தொன்றில் நான்கு முறை, மீதி மூன்று. அடுத்து என்ன இலக்கம் என்பது போய்விட்டது. மறுபடி தொடங்கினேன், அதே இடத்தில் மறுபடி போய்விட்டது. மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"சாலு, சாலு" என்று மேடம் தெலுங்கில் கையமர்த்தினார். "அது ஏழுக்கு வராதும்மா. அதான் நின்னுக்கினாரு. அவுரு சரியாத்தான் கீறாரு. தைரியமா அனுப்பு."

சிறுவயதிலிருந்து அந்த எண்ணின் பெருமையை ஒருமுறையும் முழுதாகக் கேட்டிராத மகள் நம்பினாள். மேடம் மோரைக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வகுபடும் என்று நான் சொல்லியிருக்கலாம். யாருக்கும் சலுகை காட்டாதவர் எனக்குக் காட்டினார் என்றால், நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. சித்தூர் பேருந்தில் ஏறும்போதும் திறக்கவில்லை.

நேற்று பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தேன். பாத்திரம் கருகிப் புகை தெருவுக்குப் போன பிறகு, எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். மாலையில் மகள் போனில், "எப்டிகீற நைனா?" என்றாள்.

நன்றாக இருக்கிறேன் என்றேன். அதற்குத்தான் சான்று இருக்கிறதே. மேடம் வாழ்நாளில் கொடுத்த ஒரே பொய்ச் சான்று.