குதிரைமலையில் நான் தேடிய குதிரை

பிள்ளைகளே, போர் முடிந்து, மன்னாரின் தெற்குக் கரைக்கு எல்லோரும் போய்வரத் தொடங்கிய காலத்தில் நடந்தது இது. நாங்கள் ஓலைத்தொடுவாயில் இருந்தோம். நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன்.

ஆறாம் வகுப்பில் படித்த என் மகள் ஒரு மலையின் பெயர்க் காரணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. எங்கள் பக்கம் முழுக்கச் சமதரை. மறிச்சுக்கட்டிக்குத் தெற்கே, கடலோரத்துக் குதிரைமலைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. "கடலில நிண்டு பாத்தால் குதிரை மாதிரித் தெரியும், அதுதான் அந்தப் பேர்" என்றேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "நான் கண்ணால கண்டனான்" என்றும் சேர்த்துவிட்டேன். நான் திருத்திய எஞ்சின்கள்தான் அந்தப் பக்கம் போனவை. நான் போனதே இல்லை.

வகுப்பில் யாரும் நம்பவில்லையாம். "என்ர அப்பா கண்டவர்" என்று சண்டை பிடித்து, திங்கட்கிழமை அந்தக் குதிரையைப் படமாகக் கீறிக்கொண்டு வந்து காட்டுவதாகச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை காலை, கொப்பியும் பென்சிலுமாக வாசலில் நின்றாள்.

சிலாவத்துறையில் எனக்குப் பழக்கமான முஸ்லிம் மீனவர் ஒருவர் தன் படகில் கூட்டிப்போனார். மலை வந்தது. மலையா அது? கடலுக்குள் மூக்கை நீட்டிய சிவப்பு மண்மேடு.

"குதிரை எங்கயப்பா?"

"அந்தா, தலை."

"அது செடிப் பத்தை."

படகை விலக்கச் சொன்னேன். பிறகு கிட்டப் போகச் சொன்னேன். பிறகு வடக்கே. வெயில் மண்டையைப் பிளந்தது. மகள் கீறினாள், அழித்தாள், தாளில் ஓட்டை விழுந்தது. "ஆமை மாதிரிக் கிடக்கு" என்றாள்.

"அண்ணன், இன்னும் விலகினா இந்தியாவில போய்த்தான் குதிரை பாக்கோணும்" என்றார் படகுக்காரர்.

"அப்ப ஏன் இந்தப் பேர்?" என்று மகள் அவரிடமே கேட்டாள்.

"முந்தி அரபிக் கப்பல்ல குதிரை கொண்டுவந்து இறக்கின இடமெண்டு எங்கட வாப்பா சொல்லுவார். மேல பெரிய குதிரைச் சிலை நிண்டதெண்டும் சொல்லுறாங்க. எது சரியெண்டு எனக்குத் தெரியாது மகள். இந்த மேட்டை அடையாளம் வச்சு வலை போடுறன், அவ்வளவுதான்."

தெரியாது. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். எனக்கு மலை மேல் எரிச்சல், அவர் மேல் எரிச்சல், எல்லாவற்றையும் விட என் வாய் மேல்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் உண்மையாக் கண்டனீங்களோ?"

"இல்லை. இண்டைக்குத்தான் முதல்முறை வாறன்."

அவள் கொப்பியோடு எழும்பிப் போய், படகுக்காரர் பக்கத்தில் இருந்துகொண்டாள்.

திங்கட்கிழமை அவள் ஆமை போன்ற அந்த மேட்டையே காட்டினாள். படகுக்காரர் சொன்ன இரண்டு கதைகளையும் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'நான் குதிரையைக் காணவில்லை. என் அப்பாவும் காணவில்லை.' எல்லோர் முன்னிலையிலும் அதை வாசித்தாளாம்.

இப்போது எஞ்சினோடு வருகிறவர்கள் என்ன பழுதென்று கேட்டால், கழற்றிப் பார்க்கும்வரை தெரியாது என்றுதான் சொல்லுகிறேன். அந்தச் சொல்லைப் பழக எனக்கு ஒரு மலையும், என் மகளின் அந்தக் கடைசி வரியும் தேவைப்பட்டன.