கிளட்ச் அக்காவின் கண் மூடாத கார்

கடைத்தெருக் கோடியில் பெண்களுக்கென்றே கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே கையை விரிப்பார். கிளட்ச் அக்கா என்றால் நண்டு சிண்டுக்கும் தெரியும். பழைய பயிற்சி வண்டிக்குள்ளிருந்து "கிளட்ச்! கிளட்சை மிதி!" என்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே மனப்பாடம்.

பள்ளிக்கூட வேன் ஓட்டித் தொடங்கியவள் அவள். "பொம்பளை ஓட்டுற வேன்ல என் பிள்ளையை ஏத்த மாட்டேன்" என்று ஆரம்பத்தில் முறைத்துக்கொண்ட ஒரு தகப்பனார், பிற்பாடு தன் மனைவியையே அவளிடம் கற்றுக்கொள்ள அனுப்பிவைத்தார். அந்த அம்மாள்தான் முதல் மாணவி. அப்படி ஒருத்தி சொல்லி ஒருத்தி வந்து பள்ளி தழைத்தது.

பழைய வண்டி ஓய்ந்துபோனதும், துணிந்து ஒரு சின்ன மின்சாரக் கார் வாங்கினாள். "கிளட்சே இல்லாத வண்டிக்கு கிளட்ச் அக்கா எதுக்கு?" என்று வீட்டுக்காரர் சீண்டினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையும் மாலையும் காரைத் துடைத்தாள், எட்ட நின்று பார்த்தாள், மறுபடி துடைத்தாள்.

யார் கண் பட்டதோ, ஒருநாள் எவனோ சாவியால் கதவில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காரில் 'காவல்' என்று ஒரு வசதி இருந்தது. நிறுத்தி வைத்திருக்கும்போது யாராவது பக்கத்தில் வந்தால் கேமராக்கள் விழித்துப் படம் பிடிக்கும், விளக்கும் பளிச்சென்று எரியும். அதைப் போட்டுவிட்டாள். பேட்டரி குறைந்தால் காவல் தானாக நின்றுவிடும் என்று படித்ததும், அது ஆகாது என்று அந்த ஏற்பாட்டையும் நீக்கினாள். இனி எவன் கை வைக்கிறான் பார்ப்போம் என்று ஒரு நிமிர்வு.

அந்தச் சமயம் அவள் அம்மாவுக்கு வேறு ஊரில் கண் ஆபரேஷன். காரைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் போனைத் திறந்தால், வண்டியைச் சுற்றி நடப்பதெல்லாம் அப்போதைக்கப்போது தெரிந்தது. சும்மா இருப்பாளா? நர்ஸுக்குக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரருக்குக் காட்டினாள். கண்ணில் கட்டுப் போட்டிருந்த அம்மாவிடமும் போனை நீட்டினாள். "எனக்கு எங்கடி தெரியுது?" என்றாள் அம்மா. "சரி, நான் சொல்றேன், கேளு. இப்ப ஒருத்தர் நம்ம கார் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவுறாரு" என்று வர்ணனை நடந்தது. படத்தைப் பார்த்தாளே ஒழிய, மூலையில் இறங்கிக்கொண்டிருந்த பேட்டரிக் கணக்கைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த காலையில் நாத்தனாருக்கு லைசன்ஸ் பரீட்சை. வீட்டுக்காரரின் அக்கா அவள், சலவைக்கடை நடத்துகிறவள். கடை வேனை ஓட்டிவந்த அவள் புருஷன் கால் முறிந்து படுத்திருந்தான். வாடிக்கையாளர் துணியெல்லாம் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தது. ஐம்பது தாண்டிய வயதில் அவள் ஸ்டியரிங் பிடித்ததற்கு அதுதான் காரணம். ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள்.

மடிப்புக் கலையாத உடுப்போடு நாத்தனார் வாசலில் காத்திருந்தாள். கிளட்ச் அக்கா காரைத் திறந்தாள். திரையில் சிவப்பு எழுத்து.

"அண்ணி, பேட்டரி அடிமட்டத்துல கிடக்கு."

"ஏம்மா, வண்டி சும்மாதானே நின்னுச்சு?"

சும்மா எங்கே நின்றது! பதிவுகளைத் திறந்தால் குவியல் குவியலாக வந்தது. டீ குடிக்கப் போனவர்கள், கூடைக்காரி, பானெட்டில் படுத்த பூனை, தலை சீவுகிறவர். தெருவில் ஆள் போக்கு ஓயவில்லை, காரும் கண் மூடவில்லை. போதாக்குறைக்கு இவள் போனில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறாள். பள்ளியில் இருந்ததோ சாதாரண பிளக், சார்ஜ் ஊறி ஊறித்தான் ஏறும். பரீட்சை மைதானம் ஊருக்கு வெளியே.

"என் பெருமையே எமனாயிடுச்சு, அண்ணி. தேதியைத் தள்ளிப் போட்டுடலாம்."

"தள்ளிப் போட்டா அடுத்து எப்ப கூப்பிடுவானோ? அங்க போய்ச் சேருமா, சேராதா, அதைச் சொல்லு."

"பார்த்து ஓட்டினா சேரும்."

"அப்ப நகரு. நான் ஓட்டுறேன்."

காவலையும் ஏசியையும் அணைத்துவிட்டுக் கிளம்பினார்கள். பட்டுத்துணியில் இஸ்திரிப்பெட்டியை நகர்த்துகிற பதத்தில் நாத்தனார் பெடலை அழுத்தினாள். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே காலை மெல்ல எடுத்துவிடுவாள். அப்படி வேகம் குறையும்போது இந்த வண்டி கொஞ்சம் கரண்ட்டைத் திரும்பப் பேட்டரிக்குள் போட்டுக்கொள்ளும். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான். "அவசரம்னா பறந்து போகட்டும்" என்றாள், முகம் மாறாமல். சொல்லிக் கொடுக்க எதுவும் இல்லாமல் கிளட்ச் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கற்றுத்தருகிறவருக்கென்று தன் பக்கம் இருந்த பிரேக்கை ஒருதரம்கூடத் தொடவில்லை.

மைதானத்தில் அதிகாரி ஏறி உட்கார்ந்ததும் திரையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "என்னம்மா இது, சிவப்பா எரியுது?"

"பேட்டரி கம்மி சார். நிறுத்தி வச்சிருந்தப்ப காவல் காத்தே தீர்ந்துபோச்சு."

"பாதியில நின்னா பெயில்தான், சொல்லிட்டேன்."

"நிக்க விடமாட்டேன் சார்."

கிளட்ச் அக்கா வேலிக்கு வெளியே நின்றாள். வளைவுகள் முடிந்தன, பின்னால் எடுத்து நிறுத்துவதும் முடிந்தது. பாக்கி இருந்தது மேடு. நடு மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். போனமுறை நாத்தனார் தோற்றது அங்கேதான். பேட்டரி தீரப்போகிறது என்று இப்போது வண்டி வேறு வலுவைக் குறைத்துக்கொண்டு ஆமையாகிவிட்டது. மேட்டில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. கிளட்ச் அக்கா வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, ஒரு விரல்கடைகூடப் பின்வாங்காமல், கார் அங்குலம் அங்குலமாக ஏறி உச்சியைத் தாண்டியது.

அதிகாரி இறங்கி, "பாஸ். போய் முதல்ல சார்ஜ் போடுங்க" என்றார்.

கிளட்ச் அக்கா ஓடிவந்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். மைதானத்து கேன்டீன்காரரிடம் கெஞ்சி அங்கிருந்த பிளக்கில் காரைக் கோர்த்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து பொழுதைப் போக்கினார்கள். நாத்தனார் தன் புருஷனுக்குப் போன் போட்டாள். "பாஸ் பண்ணிட்டேங்க! நீங்க காலை நீட்டிப் படுங்க, மூட்டையெல்லாம் இனி நான் பார்த்துக்கறேன்." கிளட்ச் அக்காவோ கேன்டீனுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம், "இவங்க என் அண்ணி. செத்த பேட்டரியை வச்சுக்கிட்டு மேடு ஏத்தினவங்க" என்று சொல்லி ஓயவில்லை.

இப்போது அவள் பள்ளியில் அதுவும் ஒரு பாடம். தெரியாத இடத்தில் காவலைப் போடு, வீட்டு வாசலில் காரையும் தூங்கவிடு என்பாள். காலையில் நாத்தனார் ஓட்டிவரும் சலவைக்கடை வேன் பள்ளிக்கு எதிரே இருக்கும் குறுகலான சந்துக்குள் பின்பக்கமாக நுழையும். இரண்டு பக்கமும் சுவர், ஒரே எடுப்பில் நுழைந்து நிற்கும். அந்த நேரத்துக்குக் கிளட்ச் அக்கா தன் மாணவிகளை வாசலுக்கு அழைத்துவந்து நிறுத்துவாள்.

"ஸ்டியரிங்கை ஒடிக்கறதைப் பாருங்கடி. எப்படி ஒடிக்கறாங்க, பாருங்க!"