கல்வெட்டில் சேராத பக்கம்

பிள்ளைகளே, உங்கள் அம்மா தவறிய முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுத்த கல்வெட்டை நான்தான் தட்டச்சு செய்தேன். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம் எல்லாம் போட்டு அச்சடிக்கும் சிறு புத்தகம்தான் கல்வெட்டு. நாங்கள் குடிவந்த மல்வேர்னில் நான் வேலை செய்த அச்சகத்தில் பெரும்பாலும் அதுதான் வேலை.

ஆஸ்பத்திரியில் அம்மா சொல்லச் சொல்ல நான் கடதாசியில் எழுதிய ஒரு பக்கம் இருந்தது. உங்கள் இருவருக்காகவும் என்னிடம் சொன்னது. அதையும் சேர்த்திருந்தேன். உங்கள் பெரியப்பா பார்த்துவிட்டு, "உதென்ன, செத்த ஆள் கதைக்கிற மாதிரி? கல்வெட்டில உப்பிடிப் போடுறேல்லை. சனம் சிரிக்கும்" என்றார். எடுத்துவிட்டேன்.

தட்டி முடித்த கடதாசியைக் கிழித்துப் போடுவது எங்கள் அச்சகத்து வழக்கம். அம்மாவின் கடதாசியையும் என் கை தன்பாட்டில் கிழித்துப் போட்டது. அந்தப் பக்கம் கணினியின் பிளொப்பித் தட்டில் தனியாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

அச்சகம் மூடியபோது பிளொப்பிப் பெட்டிகளையும் பழைய கணினியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதிலிருந்த தமிழ் புரோகிராம், கணினியின் பின்னால் சாவி என்று நாங்கள் சொல்லும் ஒரு சின்னக் கருவியைச் செருகினால்தான் திறக்கும். வீடு மாறியபோது சாவி தொலைந்தது. அதைச் செய்த கொம்பனியும் கலைந்துபோய்விட்டது. கேட்க ஆள் இல்லை.

போன வருடம், பழைய தமிழ் புரோகிராம்களைச் சேர்த்துவைக்கும் நூலகம் ஒன்றுக்கு எல்லாவற்றையும் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்யும் பிள்ளை பொறுமையாகச் சொன்னாள்.

"கொப்பி எடுத்து வைக்கலாம், அங்கிள். ஆராய்ச்சிக்கும் சொந்தப் படிப்புக்கும் நியாயமா எடுத்தா இஞ்சத்தைச் சட்டம் விடும். ஆனா பூட்டை உடைக்கேலாது. அது வேற கதை."

"பூட்டினவனே இல்லையே, பிள்ளை."

"ஓம், தெரியும். ஆனா உடைச்சா எங்கட சேகரிப்பு முழுக்கச் சிக்கல்ல போயிடும்."

மகன், நீ காரில் வரும்போது, "அப்பா, ஃபைவ் மினிட்ஸ்ல க்ராக் பண்ணலாம். ஹூ கேர்ஸ்?" என்றாய். நான் விடவில்லை. அந்தப் பெட்டிகளில் மற்ற வீட்டுச் சாவுகளின் கல்வெட்டுகளும் இருந்தன. பூட்டை உடைத்தால் நூலகம் அவற்றை வாங்காது; அவற்றை வைக்க வேறு இடமும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து நூலகத்துப் பிள்ளை கூப்பிட்டாள். "புரோகிராம்தான் அந்தக் கொம்பனியின்ர, அங்கிள். எழுதினது உங்கட." புரோகிராமைத் தொடாமல், பிளொப்பியின் பிரதியிலிருந்து அந்தப் பக்கத்தை மட்டும் திரையில் காட்டினாள். முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. ஆனால் எங்கள் பழைய எழுத்துருவில் எந்த ஆங்கில விசையில் எந்தத் தமிழ் எழுத்து இருந்தது என்று என் விரல்களுக்குத் தெரியும். மேசையில் விரல்களை வைத்துத் தட்டிப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் பதிந்தாள்.

"பெரியவன் குளிருக்குத் தொப்பி போடமாட்டான். அதுக்காகச் சண்டை பிடிக்காதேங்கோ. சின்னவளிட்டச் சொல்லுங்கோ, நான்"

அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள். பிளொப்பி அந்த இடத்தில் பழுதாகியிருந்தது. அவள் இன்னும் மூன்று தரம் முயன்று பார்த்தாள். கட்டங்கள் மாறவில்லை.

சின்னவளே, அதற்குப் பிறகும் அம்மா ஆறேழு வரி சொன்னார். நான் அதை வேலை மாதிரித் தட்டினேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. நானாக எழுதிச் சேர்த்திருந்தால் உனக்குத் தெரிந்திராது. சேர்க்கவில்லை. கிடைத்ததை, அந்தக் கட்டங்களோடு, இத்துடன் வைத்திருக்கிறேன்.