நூறு போர்வைக்கு ஒரு ரசீது

சில வருடங்களுக்கு முன்பு, தாமிரபரணி வெள்ளம் வடிந்த வாரம். தூத்துக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நான், குடோனில் இருந்த நூறு போர்வைகளை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தேன். விலை போட்டு 80ஜி ரசீது கேட்டேன். வருமான வரியில் சலுகை கிடைக்குமே. பொறுப்பில் இருந்த அம்மா, 'நூறு போர்வை பெறப்பட்டது' என்று மட்டும் எழுதித் தந்தார்.

"பொருளுக்கு அந்த ரசீது கெடையாது அண்ணாச்சி. ரூவாயா, பேங்க் வழியா குடுக்கணும். ரொக்கம்னா ரெண்டாயிரத்துக்கு மேல செல்லாது."

பணமாகக் கொடுத்தாலும் அதில் பாதியைத்தான் வருமானத்தில் கழிக்கலாம், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு என்று விளக்கினார். என் காதில் ஏறவில்லை. நான் டீக்கடையில் தரும் மிச்சச் சில்லறையையே இரண்டு தடவை எண்ணுகிற ஆள். விலை எழுதாத போர்வை சந்தைக்குப் போனால் யாருக்குத் தெரியும்? விற்று முழுங்கப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். பொருளுக்கு 80ஜி ரசீது கிடையாது என்றுதான் என் ஆடிட்டரும் சொன்னார். இரண்டு பேரும் கூட்டோ என்று அதற்கும் சந்தேகம்! கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அதைக் கேட்டு, அந்த அறக்கட்டளைக்கு அரிசி கொடுக்க இருந்த வியாபாரிகள் இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள்.

பத்தாம் நாள், கையும் களவுமாகப் பிடிக்க பைக்கை எடுத்தேன். போர்வை போவதாக அந்த அம்மா சொன்ன ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். முதல் வீட்டுக் கொடியிலேயே என் போர்வை. நான் யாரென்று காட்டிக்கொள்ளாமல், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன்.

"வெலையா? வெள்ளத்துக்கு சும்மா குடுத்ததுல்லா. வீட்டுக்கு ஒண்ணுன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுத்தாவ. ஒரே பூசண நாத்தம். அந்தம்மாவும் எங்ககூட நின்னு தொவச்சுக் காயப்போட்டாவ. குடுத்தது யாருன்னு கேட்டதுக்கு, சொல்லவே மாட்டேன்னுட்டாவ."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குடோன் ஒழுகி, ஒரு வருடமாகப் பூசணம் பிடித்துக் கிடந்த போர்வைகள் அவை. விற்காத சரக்குக்குத்தான் நான் புது விலையில் ரசீது கேட்டிருந்தேன். பிரித்துப் பார்த்த அந்த அம்மாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கே இரண்டு வியாபாரிகளிடமும் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அரிசி போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது வங்கி வழியாகப் பணம் அனுப்புகிறேன், 80ஜி சான்றிதழும் ஒழுங்காக வருகிறது. ஆனால் இன்றைக்கும் யார்மேலாவது சந்தேகம் எழுந்தால், நான் கொடுத்த சரக்கு எப்படிப்பட்டது என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.