ஒரு அங்குலம் குட்டை

என் அண்ணன் தவறிப்போய் இரண்டு மாதம் ஆகிறது. அண்ணி ஒரு நாளும் அழவில்லை. விடிந்ததும் தையல் மெஷினில் உட்காருவாள், இருட்டியதும் எழுந்திருப்பாள். "வேலை இருந்தா போதும், மனசு அது பாட்டுக்குக் கிடக்கும்" என்பாள். நானாவது கடவுளிடம் சொல்லி அழுதேன். அவளுக்கு அழுகையும் வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. இப்படியே போனால் இவளும் படுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

நேற்று பள்ளிக்கூட வாத்தியார், முதல் நாள் அண்ணியிடம் தைத்து வாங்கிப்போன சட்டையோடு திரும்பி வந்தார்.

"என்னம்மா, என் இடது கையில கொஞ்சத்தை நீங்களே வச்சுக்கிட்டீங்களா?" என்று சிரித்தார்.

சட்டையின் இடது கை மட்டும் ஒரு அங்குலம் குட்டையாக இருந்தது. அண்ணி டேப்பை வைத்து இரண்டு முறை அளந்தாள்.

சின்ன வயதில் கீழே விழுந்து எலும்பு முறிந்ததில், அண்ணனுக்கு இடது கை ஒரு அங்குலம் குட்டை. இருபது வருஷமாக அவன் சட்டையை அவள்தான் வெட்டித் தைத்தாள்.

"அண்ணி, இது அண்ணன் கை" என்றேன்.

"ஆமாண்டி. கத்திரி தானா அப்படிப் போயிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல."

சொல்லிவிட்டு அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வாத்தியார் சங்கடப்பட்டுச் செருப்பைத் தேடினார். "சட்டைக்கு அவசரமில்ல" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அழுது ஓய வெகுநேரமானது. நான் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

அப்புறம், "பசிக்குதுடி" என்றாள்.

கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.